முன்னுக்கு மெது, பின்னுக்குக் கெட்டி

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று கை தூக்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அதுவரை நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனதுகூட இரண்டு தடவைதான். அதில் ஒரு தடவை பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

அப்போது நான் கித்துல்கலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். றப்பர்ப் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியற்காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அது போக, மாதத்தில் ஒரு முறை மூன்று டிவிசனுக்கும் நடந்துபோய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நிறுத்து அட்டையில் புள்ளி போட வேண்டும். தராசைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலை ஏறி மலை இறங்கினால், மூன்றாவது டிவிசனுக்குப் போய்ச் சேரும்போது என்னைத்தான் முதலில் நிறுக்க வேண்டும் போலிருக்கும்.

யுத்த நிறுத்தம் வந்து வெளிநாட்டுக்காரர்கள் தைரியமாக வரத் தொடங்கியிருந்த காலம். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பக்கத்துப் பிள்ளை மடுவங்களுக்கு ஐந்து சைக்கிள் கொண்டுவந்தது. வெளிநாட்டில் யாரோ ஓட்டி அலுத்துப்போன, கியர் வைத்த மலைச் சைக்கிள்கள். வந்த அதிகாரி கேட்டார்: “யாருக்கு ஓட்டத் தெரியும்?” எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசாமல் இருந்தால் ஐந்தும் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. கை தானாக மேலே போய்விட்டது. எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் கணவர் தோட்டத்து டிரைக்டர் ஓட்டுபவர். காட்டுக்குள் சேரும் பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசை வீடுகள் உள்ள எங்கள் லயத்துக்கு வந்ததைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது மலையில ஓட்டுற சைக்கிளு புள்ள.”

“நம்ம இருக்கிறது என்னா, கடல்லயா?”

ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எனக்குப் பயிற்சி நடந்தது. அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். விட்டுவிட்டேன் என்று அவர் கத்திய நொடியில் நான் விழுவேன். பிடித்திருக்கிறார் என்று நினைத்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் போவேன். பிள்ளை மடுவத்துக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு தடவை முழங்கால் உரசி எழுந்தபோது, நாலு வயதுக்காரி ஒருத்தி கிட்டே வந்து, “டீச்சர், விழுந்தா அழக்கூடாது, ஊதிக்கிட்டா சரியாயிரும்” என்று சொல்லி ஊதியும் விட்டாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மூன்று மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தட்டையான இடத்தில், நேராக, எதிரில் யாரும் வராவிட்டால் ஓட்டுவேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் தட்டையான இடம் அந்தப் பெரட்டுக் களம் ஒன்றுதான். மற்றதெல்லாம் செம்மண் ரோடு, நடுவில் கல் பாவிய ஏற்றம், மழைக்குப் பாசி பிடித்த மதகு. றப்பர் இலை உதிரும் மாதங்களில் ரோடு முழுக்க இலை மெத்தை. அதற்கு அடியில் கல்லா பள்ளமா என்று தெரியாது. கொட்டை வெடித்து விழும் மாதங்களில் உருண்டை உருண்டையாகக் கொட்டை. அதன் மேல் டயர் ஏறினால் சைக்கிள் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்.

சைக்கிளோடு வந்த டயர்கள் பலாக்கொட்டை போல வழுவழுவென்றிருந்தன. ஒரு காலத்தில் கட்டை கட்டையாகப் பல் இருந்ததற்கு அடையாளம் மட்டும் தெரிந்தது. நான் விழும் ஒவ்வொரு தடவையும் எழுந்து, முதலில் டயரைத்தான் முறைத்துப் பார்ப்பேன். வளைவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் எனக்கு இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொன்னது, “டயர் சரியில்ல” என்பதுதான். கணவர் உடனே நம்பினார். உலகத்தில் எந்த வாகனத்துக்கு எந்த வியாதி வந்தாலும் அது டயரில்தான் தொடங்குகிறது என்பது அவருடைய கொள்கை.

யட்டியந்தோட்டைக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம். பெரிய சக்கரத்துச் சாதாரண சைக்கிளுக்குத்தான் டயர் இருந்தது. மாவனல்லையில் ஒரு முஸ்லிம் நானா இந்த மாதிரிச் சைக்கிள்களுக்குச் சாமான் வைத்திருக்கிறார் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதனால் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில், மூன்று பஸ் மாறிப் போவதென்று இருவரும் புறப்பட்டோம்.

முதல் பஸ் கித்துல்கலை டவுனில் நின்றபோது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெனர் தொங்கியது. ஆற்றில் றப்பர்ப் படகு விடும் முகாம் ஒன்று சித்திரை வருஷப்பிறப்புக்கு மலைச் சைக்கிள் பந்தயம் வைக்கிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்களில் முதல் மூன்று பேருக்கும் பரிசு. நான் சத்தமாக வாசித்தேன்.

“எந்தப் பொம்பள போவா?” என்றார் கணவர்.

“அதானே” என்று நானும் சொன்னேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மாவனல்லை நானாவின் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. கூரையிலிருந்து டயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நானாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, கையில் எண்ணெய்க் கறை. கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“வாங்கோ தம்பி. என்ன சைஸ்? எந்தப் பக்கம் ஓடுற?”

“தோட்டத்து ரோடு நானா. கல்லு, மண்ணு, எல்லாம் இருக்கு.”

“பாரம் ஏத்துவீங்களோ?”

“ஒரு தராசு மட்டுந்தான்.”

“அப்ப நீங்க சந்தைக்குப் போறயா?”

கணவர் பதில் சொல்வதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன். டயர் எனக்கு, விழுவது நான், முழங்கால் என்னுடையது. இவர்கள் இருவரும் சந்தைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“சைக்கிள் என்னோடது நானா. நான் ரேஸ் ஓடப் போறேன். கித்துல்கலையில.”

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. நானா முகம் மாறவே இல்லை. அப்படியா என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேலேயிருந்து இரண்டு டயர்களை இறக்கினார். அவர் சிரித்திருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன். அவர் நம்பிவிட்டதால் வேறு வழியில்லாமல் போய்விட்டது.

“தங்கச்சி, இந்த ரெண்டையும் பெருவிரலால அமுக்கிப் பாருங்கோ.”

ஒன்று கெட்டி. அதன் கட்டைகள் கல் மாதிரி, பெருவிரலுக்கு அசையவே இல்லை. பக்கச் சுவரும் தடிப்பு. மற்றது மெது. கட்டையை அமுக்கினால் வளைந்து கொடுத்தது, விரலில் கொஞ்சம் ஒட்டுவது போலவும் இருந்தது.

“இந்தக் கெட்டிச் சாமான் நாலஞ்சு வருஷம் ஓடும். முள்ளு, கல்லு ஒண்ணும் செய்யாது. ஆனா நனைஞ்ச கல்லுல வழுக்கும். இது மெதுச் சாமான், நனைஞ்ச கல்லையும் புடிச்சிக்கொள்ளும். ஆனா சுறுக்கா தேயும். எது வேணும்?”

“நனைஞ்ச கல்லைப் பிடிக்கணும், நாலு வருஷமும் ஓடணும்” என்றேன்.

“அப்படி ஒரு டயர் ஈக்கிது எண்டா நான் இந்தக் கடையில நிக்க மாட்டேன் தங்கச்சி. கொழும்புல வீடு கட்டியிருப்பேன்.”

நான் இரண்டையும் மாறி மாறி அமுக்கினேன். ஒரு பெரிய விஷயத்தைத் தீர்மானிப்பவள் போல மோந்துகூடப் பார்த்தேன். றப்பர் மணத்திலேயே பிறந்து வளர்ந்தவள் மோந்து என்ன கண்டுபிடிக்கப் போகிறேன்? கடைசியில் நானாவே சொன்னார்.

“முன்னுக்கு மெது போடுங்கோ, பின்னுக்கு கெட்டி போடுங்கோ. விழுறது முன் சில்லு வழுக்கித்தான். தேயுறது பின் சில்லு. ரெண்டு வேலைக்கும் ரெண்டு சாமான்.”

கணவருக்கு இது பிடிக்கவில்லை. “முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணா? சோடி இல்லாமப் போட்டா பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?”

“டிரைக்டர்ல முன்னுக்குச் சின்னதும் பின்னுக்குப் பெருசும் போட்டு ஓட்டுறீங்களே, யாரு சிரிச்சா?” என்றேன். அந்தப் பதிலுக்காக நான் என்னையே மெச்சிக்கொண்டேன். போகப் போக அந்த யோசனையே என்னுடையது என்று எனக்குத் தோன்றிவிட்டது. லயத்தில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம் நெரிந்தது. டயர்களை வைக்க இடமில்லாமல் இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “மல் மாலயக்த அக்கே?” என்றான். பூமாலையா அக்கா என்று கேட்கிறான். பஸ் முழுக்கச் சிரித்தது. ரேஸ் ஓடுகிறேன் என்று அவனிடமும் சிங்களத்தில் சொன்னேன். ஒரு நாளில் அதே பொய்யை இரண்டாவது தடவை சொன்னபோது அது முன்பைவிட உண்மை மாதிரி கேட்டது. கித்துல்கலையில் பஸ் நின்றதும் இறங்கிப்போய் முகாமில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். கணவர் பஸ் நிலையத்தில் டயர்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயந்தரமே டயர்களைப் பூட்டினார். காற்று அடிப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. அடித்து, விரல் முட்டியால் தட்டி, இன்னும் அடித்து, மறுபடியும் தட்டிப் பார்த்தார். கடைசியில் டயர் மரக்கட்டை மாதிரி டக் டக் என்றது. “இப்ப லொறியே ஏத்தலாம்” என்றார் திருப்தியாக.

அடுத்த நாள் பத்து மணிக்கு முதலாவது டிவிசனுக்குப் புறப்பட்டேன். முந்தின நாள் மழை. கல் பாவிய இறக்கத்தில் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளியது. டயர் எதையும் பிடிக்கவில்லை. முறுக்கு மாவில் கை வழுக்குவது போல வழுக்கியது. வளைவில் எங்கள் லயத்து அக்கா ஒருத்தி பால் வாளியைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட ஒரு வயது மூத்தவள், நாக்கும் என்னைவிட நீளம். “அக்கா தள்ளு” என்று கத்தினேன். அவள் தள்ளிக்கொண்டாள். வாளியைத் தள்ள மறந்துவிட்டாள்.

எழுந்து உட்கார்ந்தபோது தலையிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. றப்பர்ப் பால் காய்ந்து பிடிக்க நேரம் எடுக்காது. அக்கா வாளியைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு வெட்டுன பால் எங்கேனு பால் நிறுக்கிற மடுவத்துல கேட்டா நான் என்னா சொல்றது டீச்சர்? எல்லாம் டீச்சர் தலையில இருக்கு, தலையை வச்சு நிறுத்துக்கங்கனு சொல்லவா?”

அன்றைக்கு அவளுடைய பங்குக்கு நானும் கணவரும் சாயந்தரம் வரை மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுத்தோம். தலைமுடியில் ஒட்டியதை எடுக்க இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் பிடித்தது. எடுக்க முடியாததை அக்காவே கத்தரியால் வெட்டினாள். வெட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக வெட்டினாள் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

நான் நானாவைத் திட்டித் தீர்த்தேன். மூன்று பஸ் மாறிப் போனவர்களை ஏமாற்றிவிட்டார், பிடிக்கும் என்று சொன்ன டயர் வழுக்குகிறது, தோட்டத்து ஆள் என்றால் எதையும் தலையில் கட்டலாம் என்று நினைத்துவிட்டார் என்று மூன்று டிவிசனிலும் சொன்னேன். ஒரு வாரம் அதே பேச்சு. இடையிடையே விழுந்துகொண்டும் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் மூன்றாவது டிவிசனில் பிள்ளைகளை நிறுத்துவிட்டு இறங்கும்போது ஓர் அதிசயம் நடந்தது. அதே நனைந்த கல், அதே இறக்கம். சைக்கிள் துள்ளவில்லை. கல்லை அணைத்துக்கொண்டு இறங்குவது போல வழுக்காமல் வந்தது. வளைவில்கூட அசையவில்லை. எனக்கு ஓட்டம் கைவந்துவிட்டது என்று முடிவு செய்தேன். லயத்து வாசலில் இறங்கி, கூடியிருந்தவர்களுக்கு எப்படி உடம்பைச் சாய்க்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்றெல்லாம் விளக்கிச் சொன்னேன். அக்கா குந்தி உட்கார்ந்து முன் டயரை அமுக்கினாள்.

“டீச்சர், இதுல காத்தே இல்லையே.”

கணவர் வந்து பார்த்தார். அவர் பூட்டும்போது இரண்டு வால்வையும் சரியாக இறுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து பாதியாகியிருந்தது. அவர் பம்பை எடுக்கப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. கல் மாதிரி காற்றடித்தால் மெது டயரும் கல்தான். அந்தக் கட்டைகள் தரையில் பரந்து உட்கார்ந்தால்தானே எதையாவது பிடிக்கும்? இவ்வளவு நாளும் ஏமாற்றியது மாவனல்லை நானா அல்ல, எங்கள் வீட்டுப் பம்பு.

திட்டியதைத் திரும்பப் பெறத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. “டயர் இப்பத்தான் நம்ம மண்ணுக்குப் பழகியிருக்கு” என்று சொல்லிச் சமாளித்தேன். அக்கா மட்டும், “ஆமா டீச்சர், டயருக்கு ஒரு வாரம், ஒங்களுக்கு எவ்வளவு நாளோ” என்றாள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் முகாமில் விசாரித்தபோது பெண்கள் பிரிவில் மூன்று பேர்தான் என்று தெரிந்தது. நான், கித்துல்கலைப் பாடசாலையில் விளையாட்டுப் படிப்பிக்கும் ஒரு சிங்கள ஆசிரியை, முகாமில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். மூன்று பேர், மூன்று பரிசு. விழுந்து எழும்பி, தவழ்ந்து வந்தாலும் எனக்கு மூன்றாமிடம். வீட்டில் பரிசை வைக்க அலுமாரியின் மேல் தட்டைத் துடைத்து வைத்தேன். கணவர் பயிற்சி எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

பந்தயத்தன்று காலை. முந்தின நாள் பின்னேரம் இடி மழை பெய்து ரோடெல்லாம் ஈரம். ஆண்கள் முன்னதாகவே புறப்பட்டுப் போய்விட்டார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி எங்கள் தோட்டத்துக்கு ஏறி, இரண்டு டிவிசன் வழியாகச் சுற்றி, மறுபக்கம் இறங்கி மெயின் ரோட்டில் முடிவு. திரும்ப வேண்டிய இடங்களில் றப்பர் மரங்களில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். என் கணவர் பம்பை வைத்துக்கொண்டு முடிவிடத்தில் நின்றார்.

தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் காற்றுக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. நன்றாகக் குறைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே? குனிந்து இரண்டு டயரிலும் புஸ் புஸ் என்று விட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியை பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பளபளவென்ற சைக்கிள், தலையில் ஹெல்மெட். என்னிடம் ஹெல்மெட் இல்லை. கணவர் கொடுத்த மழைத் தொப்பிதான்.

விசில் ஊதியதும் வெள்ளைக்காரி பறந்துவிட்டாள். ஆசிரியை அவளுக்குப் பின்னால். காற்றில்லாத டயரோடு ஏற்றம் ஏறுவது எப்படியிருக்கும் என்பதை நான் முன்பே யோசித்திருக்கலாம். சேற்றில் எருமையை இழுப்பது போலிருந்தது. பாதிக்கு மேல் இறங்கித் தள்ளினேன். முதலாவது லயத்துக்கு வந்து சேர்ந்தபோது தாய்மார் நாலைந்து பேர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் அட்டையோடு நின்றார்கள். என் சைக்கிளைக் கண்டால் நிறுக்க வருகிறேன் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம்.

“டீச்சர், தராசு எங்க?”

“இன்னைக்கு நிறுக்கல! நான் ரேஸ்ல இருக்கேன்!”

“ரேஸா? யாரோட?”

“முன்னுக்குப் போனாங்களே ரெண்டு பேரு, அவங்களோட!”

“அவங்க போயி எவ்வளவு நேரம் டீச்சர்! நீங்க நின்னு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டே போகலாம்.”

தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். சீனி இரண்டு கரண்டி போட்டிருந்தார்கள். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு ஏறினேன். அடுத்த லயத்தில் இன்னும் இரண்டு பேர் மறித்தார்கள். ஒருத்தி பிள்ளையின் கழுத்தில் வந்த கொப்புளத்தைக் காட்டினாள். மிதித்துக்கொண்டே பார்த்து, “வேர்க்குரு, பவுடர் போடாதீங்க” என்று சொல்லிப் போனேன். உலகத்திலேயே வைத்திய ஆலோசனை சொல்லிக்கொண்டு சைக்கிள் பந்தயம் ஓடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பிறகு இறக்கம் வந்தது. அங்கே என் முன் டயர் தன் வேலையைக் காட்டியது. நனைந்த கல், பாசி மதகு, இலை மெத்தை எல்லாவற்றையும் அது பல்லால் கடித்துப் பிடித்தது போல இறங்கியது. முதலாவது வளைவில் பயந்தேன். இரண்டாவதில் சிரித்தேன். மூன்றாவது வளைவில் அந்த ஆசிரியை சைக்கிளிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய டயர்கள் டவுன் ரோட்டுக்கான மெல்லிசு டயர்கள். நான் அவளைத் தாண்டிப் போனேன். தாண்டும்போது “ஹரித மிஸ்?” என்று நலம் விசாரிக்கவும் செய்தேன். அந்தக் கேள்வியில் எவ்வளவு திமிர் இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த மதகின் விளிம்புக் கல்லில் பின் சில்லு மோதியது. கட் என்று ஒரு சத்தம். உள்ளே காற்று இல்லாததால் டியூப் கல்லுக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவில் அகப்பட்டு, பாம்பு கடித்தது போல அடுத்தடுத்து இரண்டு ஓட்டை. நாலு வருஷம் ஓடும் என்று நானா சொன்ன டயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டியூபைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மதகில் உட்கார்ந்து யோசித்தேன். பம்பு கணவரிடம். ஒட்டும் சாமான் வீட்டில். மூன்றாமிடம் எனக்குத்தான் என்று தைரியப்படுத்திக்கொண்டு தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது ஆசிரியை வந்து சேர்ந்தாள். தாண்டிப் போய்விடுவாள் என்று பார்த்தேன். அவள் சைக்கிளை மரத்தில் சாய்த்து, சீட்டுக்குக் கீழே கட்டியிருந்த சின்னப் பையை அவிழ்த்தாள். உள்ளே ஒட்டுத் துண்டு, ஒட்டுகிற சொலுசன், கைப் பம்பு எல்லாம் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இருவரும் மதகில் உட்கார்ந்து டயரைக் கழற்றி டியூபை ஒட்டினோம். சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தோம். நேரம் போகிறதே, உங்களுக்குப் பரிசு போய்விடாதா என்று கேட்டேன். அவள் ஒட்டுத் துண்டை அமுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: பாடசாலையில் அதிபர் பெயரைக் கொடுக்கச் சொன்னாராம். தனக்கு இறக்கம் என்றாலே பயமாம். மூன்று பேர்தான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் சம்மதித்தாளாம். எப்படியும் மூன்றாமிடம் கிடைக்குமே என்று.

எனக்கு வந்த சிரிப்பில் சொலுசன் டின்னைத் தட்டிவிட்டேன். நானும் அப்படித்தான் வந்தேன் என்று சொன்னதும் அவளும் சிரிக்கத் தொடங்கினாள். “அனே அக்கே, மடத் எஹெமயி, ஒயாடத் எஹெமயி” என்று கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான்! அந்த றப்பர்க் காட்டுக்குள் ஒரே மூன்றாமிடத்துக்காக வந்த இரண்டு பேர், ஒரு டியூபைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டு பேரும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டுவது, இரண்டாம் மூன்றாம் பரிசைப் பிறகு பேசிக்கொள்வது என்று அங்கேயே ஒப்பந்தம் செய்தோம். மிச்ச இறக்கம் முழுவதும் அவள் எனக்குப் பின்னால், என் டயர் போன தடத்திலேயே வந்தாள்.

மெயின் ரோட்டில் ஏறியதும் முடிவிடம் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் மிதித்து வந்தோம். சனம் கூடி நின்று கை தட்டியது. கணவர் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. கால் தானாக வேகமாக மிதிக்கத் தொடங்கியது. என் டியூபை ஒட்டிக்கொடுத்தவளை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒப்பந்தம் செய்தவளை விட்டுவிட்டு நான் முந்தினேன். உடம்பை வளைத்து, பல்லைக் கடித்து, உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

ஆனால் காட்டில் உயிரைக் காப்பாற்றிய டயர் தார் ரோட்டில் உயிரை வாங்கியது. ஒவ்வொரு கட்டையும் தாரில் ஒட்டி ஒட்டி, ர்ர்ர் என்று உறுமிக்கொண்டு வந்ததே தவிர ஓடவில்லை. ஆசிரியை தன் மெல்லிசு டயரில் சத்தமே இல்லாமல் என் பக்கத்தில் வந்து, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு சைக்கிள் நீளம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினாள்.

ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரை முதலாமிடம் என்று சொன்னார்கள். நாங்கள் இருவரும் விளங்காமல் நின்றோம். அந்த வெள்ளைக்காரி இன்னும் வரவே இல்லையாம். மழையில் ஒரு மரத்தின் சுண்ணாம்புக் குறி கரைந்துபோயிருந்தது. எங்கே திரும்ப வேண்டும் என்று இந்தப் பக்கத்துக்காரிகளான எனக்கும் ஆசிரியைக்கும் தெரியும், வெள்ளைக்காரிக்குத் தெரியாது. இரண்டாமிடத்துக்கு என்று நினைத்து நான் துரோகம் செய்த அந்தக் கடைசி ஓட்டம், உண்மையில் முதலாமிடத்துக்கான ஓட்டமாக இருந்திருக்கிறது. அதிலும் தோற்றிருக்கிறேன்.

கணவர் ஓடி வந்தார். நேராகக் குனிந்து முன் டயரைப் பெருவிரலால் அமுக்கினார்.

“காத்தே இல்லையே புள்ள. இதோடயா வந்த?”

ஆசிரியைக்கு ரைஸ் குக்கர். எனக்குப் பெரிய பிளாஸ்க். பரிசு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே யட்டியந்தோட்டைப் பக்கமிருந்து ஒரு திரீவீல் வந்து நின்றது. அதன் பின்னால் கயிறு கட்டிய சைக்கிள், உள்ளே அந்த வெள்ளைக்காரி. மூன்றாம் பரிசு ஒரு குடை. அவள் வாங்கி விரித்த நொடியில் மழை தூறத் தொடங்கியது. எனக்கோ ஆசிரியைக்கோ கிடைக்காத கைதட்டல் அவளுக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தை மீறியதற்கு ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் மீறாமல் இருந்திருந்தால் அவளே மீறியிருப்பாளாம். அப்படிச் சொன்னது என் மனம் நோகக்கூடாது என்பதற்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு போயா நாட்களில் அவள் தோட்டத்துக்கு வருவாள். நானும் அவளும் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய், அக்கா வீட்டில் தேத்தண்ணி குடிப்போம். மாவனல்லைக்குப் போய் அவளுக்கும் ஒரு சோடி டயர் வாங்கினோம். அந்த நானாவைப் பற்றி நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போகும் வழியெல்லாம் நினைத்தேன். கடையில் அவர், “ரேஸ் எப்படி தங்கச்சி?” என்று கேட்டதும் அந்தப் பேச்சில் இது மறந்தே போய்விட்டது. என் மெது டயர் ஒரு வருஷத்தில் தேய்ந்தது. கெட்டி டயர் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷப் பந்தயத்துக்குப் பெண்கள் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருப்பதாக ஆசிரியை செய்தி கொண்டுவந்தாள். ஒன்பது பேர், மூன்று பரிசு. நான், பின் டயர் இந்த முறை தாங்குமோ தெரியவில்லை என்றேன். அவள் தன்னுடைய செயின் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது என்றாள். பந்தயத்தன்று நாங்கள் இருவரும் ஓடுபவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் மேசையில் நின்றோம்.

நின்றதோடு விடவில்லை. ஒவ்வொருத்தியின் டயரையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துப் புத்தி சொன்னேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. கடைசியாக யட்டியந்தோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும் மரியாதையாகக் குனிந்து கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டாள். நிமிர்ந்து, “அக்கா நீங்க போன வருஷம் ஓடுனீங்களா? எத்தனையாவது வந்தீங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டாவது” என்றேன்.

எத்தனை பேரில் என்று அவள் கேட்கவில்லை.